வேதாகமத்தை விளக்கப் பட்டம் வேண்டுமா?

கேள்வி இதுதான். யாழ்ப்பாணத்துச் சபையொன்றில் ஒரு சகோதரர் வேதபாடம் நடத்துகிறார். இறையியல் கல்லூரியின் வாசலை மிதிக்காதவர். ஆனாலும் கிரேக்கச் சொற்களை எடுத்துக்காட்டித்தான் விளக்குவார். யோவான் 21இல் இயேசு "அன்பாயிருக்கிறாயா" என்று கேட்க, பேதுரு "நேசிக்கிறேன்" என்று பதில் சொல்கிறான். கிரேக்கத்தில் இவை இரண்டு வேறு சொற்கள், முதலாவது (அகபாஓ) தெய்வீக அன்பு, இரண்டாவது (பிலேஓ) வெறும் மனித அன்பு என்பது அவருடைய விளக்கம். பெயருக்கு முன்னால் கலாநிதி என்று போடும் போதகர் ஒருவர், "படிக்காத ஆளின் பேச்சைக் கேட்க வேண்டாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பட்டம் உண்மையிலேயே முக்கியமா?

ஒரு கூற்று சரியா பிழையா என்று பார்க்கும்போது பட்டத்துக்கு அங்கே வேலை இல்லை, ஆதாரத்துக்குத்தான் வேலை. ஒருவரிடம் மாணவர்களை, மொழிபெயர்ப்பை, குருமடத்து வகுப்பை ஒப்படைக்கும்போது பட்டம் மிகவும் தேவை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் சபைகளில் சண்டை வருகிறது. "படிக்காதவர்" என்ற ஒரு சொல்லால் சகோதரரின் விளக்கம் பிழையாகிவிடாது. "பரிசுத்த ஆவியானவர் இருக்கிறார், படிப்பு எதற்கு" என்ற பதிலாலும் அது சரியாகிவிடாது.

பயிற்சி எதைக் கொடுக்கிறது என்பதை ஒரு வசனத்தை வைத்தே பார்க்கலாம். மத்தேயு 28:19-20ஐப் பழைய மொழிபெயர்ப்பில் திறவுங்கள். "நீங்கள் புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி" என்று தொடங்கி, "ஞானஸ்நானங்கொடுத்து" என்று வந்து, "உபதேசம்பண்ணுங்கள்" என்று முடிகிறது. தமிழ் வாசகரின் காதில் கட்டளை எங்கே விழுகிறது? கடைசி வினைமுற்றில். ஆகவே "உபதேசிப்பதே பெரிய கட்டளை" என்று ஒரு பிரசங்கத்தைத் தாராளமாகக் கட்டலாம். ஆனால் கிரேக்கத்தில் ஏவல் வினை ஒன்றே ஒன்றுதான்: மதேத்தேயூசாத்தே, "சீஷராக்குங்கள்". ஞானஸ்நானம் கொடுத்து, உபதேசித்து என்பவை அதைச் சார்ந்து நிற்கும் எச்சங்கள். தமிழ் வாக்கியம் வினைமுற்றைக் கடைசியில்தான் வைக்கும் என்பதால், மொழிபெயர்ப்பாளர் எச்சத்தை முற்றாக்கி, முற்றை எச்சமாக்க வேண்டிவந்தது. அது அவருடைய குற்றம் அல்ல, தமிழின் இயல்பு. ஆனால் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு "இங்கே முதன்மை வினை எது" என்று வாதாடுகிறவர் நிச்சயமாக வழுக்குவார்.

கதை இதோடு முடியவில்லை. அரைகுறையாகக் கிரேக்கம் படித்தவர்கள் அடுத்த பக்கத்தில் வழுக்குகிறார்கள். "புறப்பட்டுப்போய் என்பது கிரேக்கத்தில் வெறும் எச்சம், கட்டளை அல்ல, போகிறபோக்கில் சீஷராக்குங்கள் என்றுதான் பொருள்" என்று சொல்வார்கள். ஆங்கில விளக்கவுரைகளில் இருந்து இங்கே இறங்கிய கருத்து இது. இதே மத்தேயு 2:8இல் ஏரோது சாஸ்திரிகளிடம் "நீங்கள் போய்ப் பிள்ளையைக் குறித்து விசாரியுங்கள்" என்கிறான். கிரேக்கத்தில் அதே எச்சம், அதன் பின் அதேபோல் ஓர் ஏவல். ஏரோது "போகிறபோக்கில் விசாரியுங்கள்" என்று சொல்லவில்லை, போகச் சொல்கிறான். இதில் தமிழருக்கு எந்த மயக்கமும் வரத் தேவையில்லை. "கடைக்குப் போய்ச் சீனி வாங்கிக்கொண்டு வா" என்று அம்மா சொன்னால், போவது என் விருப்பம் என்று எந்தப் பிள்ளையும் நினைக்காது. எச்சம் ஏவலோடு சேரும்போது ஏவலின் வலு எச்சத்துக்கும் வருகிறது என்பது நமக்கு முலைப்பாலோடு வந்த இலக்கணம்.

ஒரே வசனத்தில் தமிழ் மட்டும் தெரிந்தவர் ஒரு பிழை விடுகிறார், கொஞ்சம் கிரேக்கம் தெரிந்தவர் வேறொரு பிழை விடுகிறார். இரண்டையும் தாண்டுகிறவருக்குத் தேவைப்பட்டது இன்னொரு வசனத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தத்தான் நல்ல இறையியல் கல்லூரி இருக்கிறது.

பட்டம் இல்லாதவர்களின் சாதனைக்கு நாங்கள் வெகுதூரம் போகத் தேவையில்லை. 1850இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தை வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து உருவாக்கியவர் நல்லூர் ஆறுமுக நாவலர். கிறிஸ்தவர் அல்லர்; இறையியல் பட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவரிடம் இருந்தது தமிழ். பேர்சிவல் மூலத்தையும் மிஷனின் நோக்கத்தையும் கொண்டுவந்தார், நாவலர் வசனநடையைக் கொண்டுவந்தார். இருவரில் எவரும் தனியாக அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. இன்றும் நல்ல மொழிபெயர்ப்புக் குழுக்கள் இந்த அமைப்பில்தான் இயங்குகின்றன: மூலமொழி வல்லுநர் ஒரு பக்கம், வரும்மொழி வல்லுநர் ஒரு பக்கம். நாவலரிடம் நான் மிகவும் மதிப்பது அடுத்து நடந்ததை. 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளைப் பழித்த மிஷனரிமாருக்கு அவர்களுடைய வேதாகமத்தில் இருந்தே பதில் சொன்னார்: விளக்கு, தூபம், பலி, அபிஷேக எண்ணெய், ஆசாரிய வஸ்திரம் எல்லாம் இஸ்ரவேலின் ஆலயத்திலும் இருந்தனவே என்று. லேவியராகமத்தைப் பல கிறிஸ்தவர்கள் புரட்டித் தள்ளிவிட்டுப் போகும் இடத்தில், அவர் வரிவரியாக நின்று வாசித்திருக்கிறார். உடன்படுகிறோமோ இல்லையோ, அது கவனமான வாசிப்பு.

ஆயினும் அந்த மொழிபெயர்ப்பு சபைகளில் நிலைக்கவில்லை. பின்னர் ஹென்றி பவர் தலைமையில் வந்த 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பே வழக்குக்கு வந்தது. ஒரு மொழிபெயர்ப்பு நிலைப்பதற்குப் புலமை மட்டும் போதாது. எத்தனை சபைகள் ஆரம்பம் முதல் அந்தக் குழுவில் இருந்தன என்பதும் பார்க்கப்படும்.

வெளிநாட்டிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. ஜோர்ஜ் சிமித் என்பவர் லண்டனில் பணத்தாள் அச்சுக்குத் தகடு செதுக்கும் தொழிலாளி. 14 வயதில் பள்ளியை விட்டவர். பிரித்தானிய அருங்காட்சியகத்து ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளைத் தானாகவே வாசிக்கக் கற்று, 1872இல் நோவாவின் கதையை ஒத்த பாபிலோனிய வெள்ளக் கதையை முதலில் அடையாளம் கண்டார். வில்லியம் கேரி செருப்புத் தைத்தவர். அவர் தோழர்களோடு 1818இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரியின் செனற் சபைதான் இன்று பிலிமத்தலாவை இலங்கை இறையியல் கல்லூரி மாணவர்களுக்குப் பட்டம் வழங்குகிறது. எஃப். எஃப். புரூஸ் 1959 முதல் 1978 வரை மன்செஸ்டரில் வேதாகமத் துறைப் பேராசிரியர்; ஆய்வுசெய்து பெற்ற கலாநிதிப் பட்டம் அவரிடம் இல்லை. ஆனால் இந்தப் பெயர்களைச் சொல்லித் தங்களை நியாயப்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிமித் பல வருடம் பலகைகளின் முன்னால் இருந்தார், புரூஸ் பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் இலத்தீனும் முறையாகப் படித்தார். அவர்களிடம் இல்லாதது தாள், உழைப்பு அல்ல.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012இல் ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், "இயேசு அவர்களிடம் சொன்னார், என் மனைவி" என்ற வரியுள்ள, பழைய எகிப்துக் கிறிஸ்தவர்களின் மொழியான கொப்திக்கில் எழுதிய பப்பிரஸ் (நாணல் தாள்) துண்டொன்றை உரோமையில் உலக அறிஞர் மாநாட்டில் அறிவித்தார். பப்பிரஸ் உண்மையாகவே பழையது. ஆகவே காலக்கணிப்புச் சோதனை மோசடியைப் பிடிக்கவில்லை. பிடிபட்ட விதம் வேறு. துண்டில் இருந்த சொற்றொடர்கள் அநேகமாக முழுவதும், வேதாகமத்தில் சேராத தோமா நற்செய்தியின் கொப்திக் பாடத்தில் இருந்து வெட்டி ஒட்டப்பட்டவை. அந்தப் பாடத்தை இணையத்தில் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தோடு இட்டிருந்தவர் ஓர் ஆர்வலர். அவருடைய கோப்பில் ஓரிடத்தில் ஓர் எழுத்து தவறுதலாக விடுபட்டிருந்தது. பப்பிரஸ் துண்டிலும் அதே இடத்தில் அதே எழுத்து இல்லை. பல நூற்றாண்டு பழைய எழுத்தர் இன்றைய கணினிக் கோப்பின் பிழையைப் பிரதி பண்ணியிருக்க முடியாதல்லவா? 2016இல் அந்தப் பேராசிரியரே அது போலியாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டார். அந்த ஏற்பைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். பிழை நடந்தபின் திருத்துவதற்கு அத்துறையில் ஒரு வழி இருந்தது; துண்டின் படமும் பாடமும் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டிருந்தன.

உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பழைய தமிழ் வேதாகமத்தையும் 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1 யோவான் 5:7ஐத் திறவுங்கள். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்று பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரையும் சொல்லும் வரி முதலாவதில் இருக்கும், இரண்டாவதன் பாடத்தில் இராது. "கத்தோலிக்கர் வெட்டிவிட்டார்கள்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நடந்தது வேறு. 1 யோவானைக் கொண்ட பல நூறு கிரேக்கக் கைப்பிரதிகளில் இந்த வரி ஒரு கைவிரலெண்ணிக்கைக்குச் சற்றுக் கூடுதலானவற்றில்தான் உண்டு. அவையும் மிகப் பிந்தியவை, சிலவற்றில் ஓரத்தில் பிறகு எழுதிச் சேர்த்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்ட அறிஞர் எராஸ்மஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் இதைச் சேர்க்கவில்லை, 1522இல்தான் சேர்த்தார். அந்தப் பதிப்பு மரபில் வந்த மொழிபெயர்ப்புகளில் வரி தங்கிவிட்டது. இது இடைச்செருகல் என்று 1690இலேயே விரிவாக எழுதியவர்களில் ஒருவர் ஐசக் நியூட்டன். கணிதப் பேராசிரியர், குருப்பட்டம் பெறாதவர். அவர் எழுதியது 1754இல், அவர் இறந்தபின்தான் அச்சேறியது. அவருடைய சொந்த நம்பிக்கை என்ன என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, கைப்பிரதிகள் பற்றி அவர் சொன்னதைத் தனியாக எடைபோடலாம். ஆதாரம் என்றால் அப்படித்தான்.

இனிப் பட்டங்கள். எல்லாக் "கலாநிதி"யும் ஒன்றல்ல. பிஎச்.டி., டி.டிஎச்., டிஎச்.டி. போன்றவை ஆய்வேடு எழுதி, பரீட்சகர் முன் நின்று பெறுபவை. டி.மின். என்பது ஊழிய நடைமுறைக்கான பட்டம். பெறுமதியானதுதான், ஆனால் எபிரேயம் வாசிக்கத் தெரியும் என்பதற்கு அது சான்றல்ல. டி.டி. பெரும்பாலும் கௌரவப் பட்டம். கத்தோலிக்கரிடத்தில் வேதாகமத்துக்கென்றே தனிப் பட்டம் உண்டு: 1909இல் நிறுவப்பட்ட உரோமைப் பாப்பிறை விவிலிய நிறுவனம் வழங்கும் மறைநூல் லைசென்சியேற், அதாவது கலாநிதிக்கு முந்திய மேற்பட்டம். எபிரேயமும் கிரேக்கமும் கைவந்தால்தான் அங்கே முதன்மைப் பாடங்களுக்குள் நுழைய முடியும். குருமடங்களில் இறையியல் போன்ற பாடங்களைப் படிப்பிக்க, திருப்பீடம் ஏற்ற நிறுவனத்தில் இருந்து கலாநிதி அல்லது லைசென்சியேற் வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 253 சொல்கிறது. கொழும்புத்துறைக் குருமடத்துக்கும் அதே சட்டம்தான். இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். குருமட மாணவனுக்குத் தன் ஆசிரியரை எடைபோடும் திறன் இன்னும் வரவில்லை. வேறொருவர் முன்கூட்டியே எடைபோட்டிருக்க வேண்டும்.

ஒரு கலாநிதிப் பட்டத்தைச் சோதிக்க ஐந்து கேள்விகள் போதும். வழங்கிய நிறுவனம் எது, அதை யார் ஏற்றிருக்கிறார்கள்? ஆய்வேட்டின் தலைப்பு என்ன, அதை எந்த நூலகத்தில் பார்க்கலாம்? மேற்பார்வையாளர் யார், அவர் அதே துறையில் எழுதியிருக்கிறாரா? எத்தனை வருடம் எடுத்தது? மூலமொழிப் பரீட்சை இருந்ததா? பல்கலைக்கழகப் பட்டம் என்றால், இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்த நிறுவனத்தை ஏற்கிறதா என்று விசாரிக்கலாம். ஆனால் இறையியல் கல்லூரிகளுக்கு ஏற்பு வேறு வழிகளில் வருகிறது: செராம்பூர் செனற், திருப்பீடம், ஆசிய இறையியல் சங்கம் போன்றவை. ஆணைக்குழுவின் பட்டியலில் இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு கல்லூரியைப் போலி என்று சொல்வது அநியாயம். ஆறு மாதம், ஆய்வேடு கிடையாது, பணம் கட்டியதும் அங்கியும் தாளும் தபாலில் வரும் என்றால், அதை எந்தப் பட்டியலிலும் தேட வேண்டியதில்லை.

பட்டம் இல்லாதவரைச் சோதிப்பதும் கடினமல்ல. எந்தக் கிரேக்கப் பதிப்பைப் பயன்படுத்துகிறார் என்று கேளுங்கள். நெஸ்லே-ஆலண்டின் 28ஆம் பதிப்பு, 2012 என்பது போல ஒரு பதில் வர வேண்டும். "ஸ்ட்ராங் எண்" என்று மட்டும் பதில் வந்தால் கவனம். 1890இல் வந்த அந்த ஒத்துவாக்கிய அகராதி, ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்பில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று தேடுவதற்காகச் செய்யப்பட்டது. வினையின் காலம், இடம், எண் எதையும் அந்த எண் காட்டாது. ஒரு சொல்லுக்கு அதில் உள்ள ஏழெட்டுப் பொருளில் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து எந்த வசனத்திலும் நுழைக்கிற பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. ரோமர் 1:16இன் "துனாமிஸ்" (பெலன்) என்பது டைனமைற் என்று சொல்லும் பிரசங்கமும் இதே வகை. டைனமைற் 1867இல் வந்தது. பவுல் அதை நினைத்து எழுதவில்லை. சொல்லின் வரலாறு வேறு, வாக்கியத்தில் அதன் பொருள் வேறு என்று 1961இலேயே வேதாகம அறிஞர் ஜேம்ஸ் பார் விரிவாகக் காட்டிவிட்டார்.

வீட்டில் இருந்து உண்மையாகவே கற்க விரும்புகிறவருக்கு: புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 5,400 வெவ்வேறு சொற்கள் உண்டு. ஆனால் 50 தடவைக்கு மேல் வரும் ஏறத்தாழ 310 சொற்களே மொத்தப் பாடத்தில் சுமார் 80 வீதத்தை நிரப்புகின்றன. வாரத்துக்கு 10 சொல் என்றால் எட்டு மாதத்துக்குள் முடியும். யோவான் நற்செய்தியில் தொடங்குங்கள். அதில் சுமார் 1,000 தனிச்சொற்கள்தான், திரும்பத் திரும்ப வரும். வேற்றுமை உருபு தமிழருக்குப் பயம் தராது, நன்னூலில் எட்டு வேற்றுமை படித்தவர்களுக்குக் கிரேக்கத்தின் ஐந்து பெரிய விஷயமல்ல. தடுமாற்றம் வரும் இடம் சுட்டிடைச்சொல், ஆங்கிலத்தின் "the" போன்றது. தமிழில் அது இல்லாததால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். யோவான் 1:1 பற்றிய பாதி வாக்குவாதம் அதில்தான் நிற்கிறது. அடுத்த தடுமாற்றம் வரிக்கு வரி ஆங்கிலம் உள்ள பதிப்பு. அதை வைத்துப் படித்தால் கண் ஆங்கிலத்துக்கே ஓடும், ஒரு வருடம் கழிந்தும் ஒரு வரியும் தானாக வாசிக்க வராது. உரோமையிலோ பெங்களூரிலோ பிலிமத்தலாவையிலோ படித்துவந்த ஒரு குருவானவரை, ஒரு போதகரைப் பிடித்து, கிழமைக்கு ஒரு மணித்தியாலம் சேர்ந்து வாசியுங்கள். தனியாகப் படிப்பவருக்குக் குறைவது புத்தகம் அல்ல, "அது பிழை" என்று சொல்ல ஓர் ஆள்.

இனி அந்தச் சகோதரருக்கும் போதகருக்கும் திரும்புவோம். இருவரையும் யோவான் 21:15-17இல் உட்கார வையுங்கள். சகோதரரிடம் கேளுங்கள்: பிதா குமாரனில் அன்பாயிருப்பதை யோவான் 3:35 "அகபாஓ" என்ற வினையாலும் 5:20 "பிலேஓ" என்ற வினையாலும் சொல்கிறதே, 5:20இல் பிதாவின் அன்பு வெறும் மனித அன்பா? எபிரேயத்தில் இருந்து கிரேக்கத்துக்குப் போன பழைய ஏற்பாட்டில், 2 சாமுவேல் 13:15இல் தாமார் மேல் அம்னோனுக்கு இருந்த இச்சைக்கும் "அகபே" என்ற சொல்தானே வருகிறது? யோவான் 21இன் இதே மூன்று வசனங்களில் ஆட்டுக்கும் இரண்டு சொல், மேய்ப்பதற்கும் இரண்டு சொல் மாறிமாறி வருகின்றனவே, அவற்றுக்கும் ஆழமான வேறுபாடு சொல்வாரா? போதகரிடம் இதே கேள்விகளை, பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், முன்வையுங்கள். வெஸ்ட்கொட் போன்ற பெரிய அறிஞர்கள் இந்த இரண்டு சொற்களுக்கும் வேறுபாடு உண்டென்று வாதிட்டிருக்கிறார்கள், ஆகவே "உண்டு" என்ற பதிலே பிழையாகிவிடாது. யார் அந்த மூன்று வசனங்களையும் திறந்து பார்க்கிறார், யார் திறக்காமலே பதில் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள்.